முதலில் புத்தகமா, முதலில் படமா, இல்லை ஒன்றே போதுமா?

மேல்மாடியில் இருக்கும் பிள்ளை லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டாள்: “அண்ணா, பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் வாங்கிறதோ, இல்லாட்டிப் படத்தைப் பாத்திட்டு விடுறதோ?”

வங்கியில் வேலை செய்கிறாள். காலை ஏழரைக்குக் கொழும்பு காலி வீதியில் பஸ் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வெள்ளவத்தைக்குத் திரும்புவாள். வாசிக்க ஆசை இருக்கிறது, நேரம் இல்லை. ஆறு மாடி ஏறும் நேரத்துக்குள் யோசித்துச் சொல்லக்கூடிய பதிலா அது? “புத்தகத்தை வாசி பிள்ளை” என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டுக் கதவைத் திறக்கும்போதே நான் சொன்னது அரைப் பொய் என்று பட்டது. நானே ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலைத் தொட்டது படத்தை எத்தனையோ தரம் பார்த்த பிறகுதான். ‘உதிரிப்பூக்கள்’ பார்த்துப் பல வருடம் கழித்துத்தான் அதற்குப் பின்னால் புதுமைப்பித்தன் இருக்கிறார் என்றே தெரிய வந்தது. அதனால் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

“மூலம்தான் எப்பவும் மேல்” என்பது எழுத்தாளருக்குக் காட்டும் மரியாதை, அவ்வளவுதான். படம் மோசமென்றால் குழப்பமே கிடையாது, புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகலாம். படம் புத்தகத்துக்குச் சமமாக நிற்கும்போது, அல்லது அதைத் தாண்டிப் போகும்போதுதான் எதை முதலில் எடுப்பது என்ற கேள்வி உண்மையிலேயே கடினமாகிறது. லிஃப்டில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலாவது நேரம். கல்கி 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் எழுதிய கதை ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் சேர்ந்தே ஐந்தரை மணித்தியாலம்தான். பூமணியின் ‘வெக்கை’ நாவலோ ஒரு போயா (பௌர்ணமி) லீவில் முடிந்துவிடும். “புத்தகம் நீளம், படம் சுருக்கம்” என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இரண்டாவது காசு. இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தை இங்கே வாங்கும்போது பின்னட்டையில் இருக்கும் விலையை மனதுக்குள் பெருக்கிக்கொண்டுதான் கையில் எடுக்கிறோம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பெருக்கல் இன்னும் வலிக்கிறது. ஆனால் கல்கியின் எழுத்தும் புதுமைப்பித்தனின் எழுத்தும் நாட்டுடைமையானவை. இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன. கண் வலிக்காமல் போனில் வாசிக்க முடிந்தால் செலவில்லை.

மூன்றாவது, எதை முதலில் எடுத்தால் எது கெடும் என்பது. முடிவு தெரிந்துவிடுவதை மட்டும் சொல்லவில்லை. நடிகரின் முகம் மனதில் ஒட்டிக்கொள்வதும் ஒரு கேடுதான். அப்புறம் காது. இந்தக் கதையை எந்தத் தமிழில், எந்த மொழியில் கேட்கப்போகிறோம் என்பது கொழும்பில் இருக்கும் நமக்கு மற்றவர்களை விட அதிகம் உறுத்தும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. படம் கதையின் நடுவை எங்கே தூக்கி வைத்திருக்கிறது? நான் பார்த்த வரையில், புத்தகத்துக்குச் சமமாக நிற்கும் படம் எதுவும் புத்தகத்தை அப்படியே படம் பிடித்ததில்லை. கதையை வேறொரு ஆளின் தோளில் ஏற்றியிருக்கும், அல்லது புத்தகத்தால் முடியாத ஒன்றைக் கையில் எடுத்திருக்கும். அது என்னவென்று தெரிந்தால் வரிசையும் பாதி தெரிந்த மாதிரி.

## புத்தகம் முதலில்

கதை சொல்பவரின் குரல்தான் ருசி என்றால் புத்தகத்தை முதலில் எடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ அப்படித்தான். கல்கி நடுவில் நிறுத்தி வாசகரோடு கதைப்பார், கேலி பண்ணுவார், அத்தியாயத்தை முக்கியமான இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த கிழமை வா என்பார். படத்தில் அந்த ஆள் இல்லை. இருக்கவும் முடியாது.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. வந்தியத்தேவன் பூங்குழலியின் படகில் ஏறி ஈழத்துக்கு வருகிறான் அல்லவா. மாதோட்டம், தம்பள்ளை, அநுராதபுரம் என்று கல்கி ஆற அமர நடத்திக் கூட்டிப்போகும் பாதை அது. அநுராதபுரத்துக்குப் பத்துத் தரம் போனவருக்கும் அந்தப் பக்கங்களில் புதிதாக ஏதோ கிடைக்கும். படத்தில் அது வேகமாகக் கடந்துவிடுகிறது.

2022 செப்டெம்பர் கடைசியில் முதல் பாகம் வந்தபோது பெட்ரோல் இன்னும் கியூஆர் பங்கீட்டுக் கணக்கில்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில்தான் தியேட்டருக்குப் போனோம். பின்வரிசையில் ஓர் ஐயா, பேரப்பிள்ளைக்கு ஒவ்வொரு ஆளாக அறிமுகம் செய்துகொண்டே இருந்தார். “இவர் சின்னப் பழுவேட்டரையர். பெரியவர் மற்றவர்.” “இவ நந்தினி இல்லை, பொறு.” முதல் அரை மணி எனக்குக் கோபம். பிறகு கவனித்தேன், என் பக்கத்தில் இருந்தவரும் தலையைச் சரித்து அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். புத்தகம் வாசிக்காதவருக்கு அந்தப் படம் அவ்வளவு நெரிசல். ஐயா மாதிரி ஒருவர் பின்னால் கிடைக்கவில்லையென்றால் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடுவதற்குள் இடைவேளை வந்துவிடும்.

புத்தகத்தை முதலில் எடுப்பதிலும் மறைந்த செலவு உண்டு. நீங்கள் கணக்காய்வாளர் ஆகிவிடுவீர்கள். “இது எங்கே, அது எங்கே” என்று மனம் டிக் போட்டுக்கொண்டே இருக்கும், படத்தைப் பார்க்காது. ஆதித்த கரிகாலன் எப்படி இறந்தான் என்பதைக் கல்கி மூடுமந்திரமாகவே விட்டார். இரண்டாம் படம் துணிந்து ஒரு பதிலைச் சொல்கிறது. நான் முதல் தடவை பார்த்தபோது “இது கல்கி இல்லையே” என்று உள்ளுக்குள் வழக்காடியதில் அந்தக் காட்சியையே தவறவிட்டேன். இரண்டாம் தடவைதான் நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

இன்னொரு சின்னச் செலவு. ஐந்து பாகத்தையும் ஒரே கடையில் ஒரே பதிப்பில் வாங்குங்கள். நான் ஒரு கடையில் மூன்று பாகமும் இன்னொரு கடையில் ஒன்றும் வாங்கி, நாலாம் பாகத்துக்கு இரண்டு மாதம் அலைந்தேன். அலுமாரியில் ஐந்தும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை.

## படம் முதலில்

படத்தின் பலம் ஓசையில் என்றால் யோசிக்காமல் படத்தைப் போடுங்கள். கொத்தமங்கலம் சுப்பு ‘தில்லானா மோகனாம்பாள்’ கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது கோபுலு படம் வரைந்தார். வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் தாளில் நாதஸ்வரம் ஊதாது. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு வருகிறது. சிவாஜியின் கன்னம் உப்புவதும் கண் விரிவதும் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. நாதஸ்வரக்காரருக்கும் ஆடுபவளுக்கும் போட்டி என்பது கதையின் மையம். அந்தப் போட்டியை நாவலில் நம்பத்தான் வேண்டும், படத்தில் கேட்கலாம். அதனால் இங்கே படம் தாண்டிவிட்டது என்றே சொல்வேன். தவில் சத்தம் கேட்டதும் பந்தலை விட்டு எழும்பிப் போய் மேளகாரருக்குப் பக்கத்தில் குந்தும் ஆட்கள் நம் கல்யாண வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாவலை அதற்குப் பிறகு வாசித்தால் நட்டமில்லை. வைத்தியின் குள்ளநரித்தனம் நாகேஷின் குரலிலேயே கேட்கும், அது லாபம்தான்.

படம் புத்தகத்திலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரம் வளர்த்திருந்தாலும் படமே முதலில். மகேந்திரன் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ கதையில் இருந்துதான் ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தார், 1979இல். எழுதியவரின் பெயரையும் போட்டார். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பேராசிரியர் வீடு கிராமத்துப் பெரிய மனுசனின் வீடாக மாறியிருக்கிறது, முடிவு முழுக்க மாறியிருக்கிறது. ஒப்பிடத் தொடங்கினால் இரண்டுக்கும் அநியாயம் செய்வோம். இங்கே எது மேல் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, படம்தான். அதற்காகப் புதுமைப்பித்தன் சின்னவராகிவிட மாட்டார். அவரது பெரிய கதைகள் வேறு. ‘முள்ளும் மலரும்’ கதையும் இதே மாதிரி. உமாசந்திரனின் நாவல் பரிசு வாங்கியது, 1978இல் படமானது, இன்று காளியை ரஜினியின் முகம் இல்லாமல் நினைக்க முடிகிறதா? அதற்குக் கமரா பிடித்தவர் மட்டக்களப்பு ஆள், பாலு மகேந்திரா. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

படத்தை முதலில் பார்ப்பதன் மறைந்த செலவு நான் சொன்ன முகம்தான். கார்த்தியைப் பார்த்துவிட்டு வந்தியத்தேவனை வாசித்தால் கார்த்திதான் குதிரையில் வருவார். ‘வெக்கை’யில் இது இன்னும் ஆழமாக வெட்டும்.

## வெக்கையும் அசுரனும்

இதற்குத் தனியாக இடம் வேண்டும். என்னிடம் அதிகம் கேட்கப்படும் சோடி இது, நான் அதிகம் மாற்றி மாற்றிப் பதில் சொன்னதும் இதற்குத்தான்.

பூமணியின் நாவல் 1982இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுகிறான். அங்கே தொடங்கி எட்டு நாள். அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். பாறை, கிணறு, பழம், கிழங்கு, எங்கே தண்ணீர் கிடைக்கும், என்ன சமைப்பது. கொலை நடந்த கதையில் இவ்வளவு சாப்பாடு வருகிறதே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு அதுதான் கதை என்று விளங்கியது. உலகம் முழுக்கப் பையனின் கண்ணால் வருகிறது.

2019இல் ‘அசுரன்’ எடுத்தபோது வெற்றிமாறன் கதையைத் தூக்கி அப்பாவின் தோளில் வைத்தார். தனுஷின் சிவசாமிக்கு நாவலில் இல்லாத ஒரு நீண்ட கடந்த காலம், தலித் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், எரியும் குடிசைகள். 1968இல் தலித் கூலிகளைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணியை நினைக்காமல் அந்தப் பகுதியைப் பார்க்க முடியாது. வேட்டையாடப்படும் ஓர் ஆள் ஏன் அவ்வளவு காலம் குனிந்து வாழ்ந்தான் என்ற கேள்வியைப் படம் தானாக உண்டாக்கித் தானே பதில் சொல்கிறது. தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது.

எது மேல்? நீண்ட நாள் நாவல் என்றேன். இப்போது இரண்டும் சமம் என்கிறேன், ஆனால் இரண்டும் ஒரே கதை இல்லை. படம் கோபத்தின் கதை. நாவல் பயத்தின் கதை, கொஞ்சம் அன்பின் கதையும். வரிசையில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை: ‘வெக்கை’ முதலில். படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்குப் போனால் அப்பா எப்போது அரிவாளை எடுப்பார் என்று காத்திருப்பீர்கள். நாவலின் அமைதி சவசவவென்று தெரியும். நாவலுக்குப் பிறகு படம் பார்த்தால் அந்தக் கோளாறு வராது. புத்தகம் மெல்லியது, படத்துக்கு முதல் நாள் வாசித்து முடித்துவிடலாம்.

இதற்கு நேர்மாறு வெற்றிமாறனின் ‘விசாரணை’ படம். அதன் மூலமான மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, தான் பட்டதை அவரே எழுதிய புத்தகம், ஆந்திரப் போலீஸ் காவலில் வாங்கிய அடியின் சாட்சியம். படம் முதல் பாதிக்கு அதை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியில் தமிழ்நாட்டுக்கு வந்து, அடிக்கும் பக்கத்தில் நிற்பவனின் பயத்தையும் காட்டுகிறது. அந்த இரண்டாம் பாதியால் படம் புத்தகத்தைத் தாண்டுகிறது. படத்தைப் பாருங்கள், பிறகு இது உண்மையில் நடந்ததா என்று தூக்கம் வராவிட்டால் ‘லாக்கப்’ எடுங்கள். இரண்டையும் ஒரே கிழமையில் எடுக்காதீர்கள்.

## ஒன்று மட்டும் போதும் என்றால்

ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ள கதைகளில்தான் இது அதிகம் வரும், ஏனென்றால் மொழியே ஒரு செலவு.

மைக்கல் ஒண்டாச்சி 1943இல் கொழும்பில் பிறந்தவர். ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ 1992இல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்டது, 1996இல் வந்த படம் ஒன்பது ஒஸ்கார் வாங்கியது. 2018இல் புக்கரின் ஐம்பது வருட வெற்றியாளர்களுக்குள் சிறந்த ஒன்றைத் தெரிவுசெய்தபோது இந்த நாவலுக்குத்தான் கிடைத்தது. படத்தை எடுத்த அந்தனி மிங்கெல்லாவுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்று ஒண்டாச்சியே மேடையில் சொன்னார். எழுதியவரே அப்படிச் சொன்னால் படம் போதும்தானே? முக்கால்வாசிப் பேருக்குப் போதும். துண்டு துண்டாகச் சிதறிய நாவல் அது, ஆங்கிலத்தில் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால் படத்தில் இல்லாத ஒன்று நாவலில் இருக்கிறது. கிப் என்ற சீக்கிய இளைஞன், குண்டுகளைச் செயலிழக்கச் செய்பவன், ஹிரோஷிமாச் செய்தியை வானொலியில் கேட்கிறான். அதுவரை தன் ஆட்கள் என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே கணத்தில் அந்நியராகிறார்கள். துப்பாக்கியைத் தூக்குகிறான். படம் இதை விட்டுவிட்டுப் பாலைவனக் காதலை நடுவில் வைத்தது. காதல் கதை வேண்டுமென்றால் படம், ஆசியன் ஒருவனின் கதை வேண்டுமென்றால் நாவல்.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ நம் வீட்டுக்கு இன்னும் கிட்ட. 1983 கலவரத்தில் போய் முடியும் வருடங்களில் கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றில் வளரும் பையனின் கதை, 1994இல் வந்தது. 2020இல் தீபா மேத்தா படமாக்கினார், திரைக்கதையில் செல்வதுரையும் சேர்ந்தே எழுதினார், கொழும்பிலேயே எடுத்தார்கள். அப்படியும் தமிழ் பேசாதவர்களைத் தமிழராக நடிக்க வைத்ததற்கும் அவர்கள் பேசிய தமிழுக்கும் பெரிய கண்டனம் எழுந்தது. காரணம் எளிது. நாவல் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்த வீட்டின் தமிழை நம் தலைக்குள் நாமே பேசிக்கொள்வோம். திரையில் ஒருவர் வாயைத் திறந்ததும் அது முடிந்துவிடுகிறது. அம்மா “வாடா” என்று கூப்பிடுவதில் ஒரு இழுப்புப் பிழைத்தாலும் வெள்ளவத்தைக் காதுக்குத் தெரியும். இங்கே ஒன்று மட்டும் என்றால் நாவல்.

சிங்களத்தில் நேர் எதிர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் எடுத்த ‘கம்பெரலிய’, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலுக்குப் பக்கத்தில் கூசாமல் நிற்கும் படம். 1965இல் டில்லி விழாவில் தங்க மயில் வாங்கியது. நாவல் ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழிலும் வந்தது, எம்.எம். உவைஸ் மொழிபெயர்த்தார். கிடைத்தால் விடாதீர்கள். லெஸ்டரின் ‘நிதானய’ (1972) ஜீ.பீ. சேனாநாயக்கவின் ஒரு சிறுகதையில் இருந்து வந்தது. சிறுகதையில் இருந்து வளர்ந்த படத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிங்களம் வாசிக்கத் தெரியாத நமக்குப் படமே கதி. அதில் குறைந்துபோக ஒன்றுமில்லை.

நம்முடையது என்று ‘வாடைக்காற்று’ இருக்கிறது, செங்கை ஆழியானின் நாவல், 1978இல் பிறேம்நாத் மொறாயஸ் படமாக்கினார். இங்கே நான் ஒப்பிட வரவில்லை. நாவலை எடுங்கள்.

## ஒரே பார்வையில்

| சோடி | படம் செய்த மாற்றம் | என் வரிசை |
|---|---|---|
| பொன்னியின் செல்வன் | கல்கியின் குரல் போய், வேகம் வந்தது | புத்தகம், பிறகு படம். நேரமில்லையென்றால் முதல் பாகம் மட்டும் வாசித்துவிட்டுப் படம் |
| தில்லானா மோகனாம்பாள் | நாதஸ்வரம் கேட்கிறது | படம் |
| சிற்றன்னை / உதிரிப்பூக்கள் | இடமும் முடிவும் வேறு | படம், பல நாள் கழித்துக் கதை |
| வெக்கை / அசுரன் | மகனிடம் இருந்து அப்பாவுக்கு | புத்தகம், உடனே படம் |
| லாக்கப் / விசாரணை | இரண்டாம் பாதி புதிது | படம், துணிவிருந்தால் புத்தகம் |
| தி இங்கிலிஷ் பேஷன்ட் | ஹிரோஷிமா இல்லை | காதலுக்குப் படம், கிப்புக்கு நாவல் |
| ஃபன்னி போய் | தமிழ் காதில் விழுகிறது | நாவல் மட்டும் |

பணம்தான் தடையென்றால் முதலில் தமிழ்ச் சங்க நூலகத்தில் பாருங்கள். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சி வரைக்கும் பொறுத்தால் கொஞ்சம் கழிவும் கிடைக்கும், சனத்துக்குள் நெரிபடுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

மேல்மாடிப் பிள்ளைக்குக் கடைசியில் பொன்னியின் செல்வன் சொல்லவில்லை. என் ‘வெக்கை’யைக் கொடுத்துவிட்டேன், மழைக்கு ஒருக்கால் நனைந்து அட்டை வளைந்த பிரதி. அடுத்த போயாவுக்கு மறுநாள் கதவைத் தட்டித் திருப்பித் தந்தாள். நடுவில் பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. படமும் இரவே பார்த்துவிட்டாளாம்.

“படத்தில தனுஷ் நல்லா அடிக்கிறார் அண்ணா. ஆனா எனக்கு அந்தப் பெடியன் என்ன சாப்பிட்டான் எண்டுதான் ஞாபகம் நிக்குது.”

அப்புறம் பொன்னியின் செல்வன் முதலாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. நாலாம் பாகம் மட்டும் உயரம் குறைவு என்று சொல்லிக் கொடுத்தேன்.